பற்களுக்கிடையே ஒரு கற்பனை வட்டம்

ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டி அமைந்த பெக்கோக்கைப் போல் ரப்பரையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த ஊர்களிலே, உறைந்த பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்கிய கைச்சுற்று மெஷின்களைக் கண்டவர்கள், அவ்வுருளைகளின் ஓரத்தில் ஒன்றையொன்று கவ்விச் சுழன்ற பற்சக்கரங்களை மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் ஒன்று உடைந்து, அதற்கு ஜோடி செய்யப் புகுந்த பட்டறைக்காரர் முதலில் எதை அளப்பார்?

பல்லின் நுனியையும் அடியையும் மட்டும் அளந்து பயனில்லை. இரு சக்கரங்களும் பற்களே இல்லாத உருளைகளாக இருந்து, வழுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று உருண்டால் எந்த விட்டத்தில் தொட்டுக்கொள்ளுமோ, அந்தக் கற்பனை வட்டமே சகல அளவுகளுக்கும் ஆதாரம். இரும்பில் அதற்கு ஒரு கோடும் கிடையாது. அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டு பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ‘மாடுல்’. அதைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கினால், ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு அவ்வட்டத்தின்மேல் உள்ள தூரம். சாதாரணப் பற்கள் அவ்வட்டத்துக்கு வெளியே ஒரு மாடுல் உயரம் நீட்டி நிற்பதால், வெளிவிட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டிய தொகையால் வகுத்தாலும் மாடுல் கிடைத்துவிடும்.

இங்கேதான் ஒரு சூக்ஷ்மம் காத்திருக்கிறது. 30 பற்கள், வெளிவிட்டம் 101.6 மில்லிமீட்டர் என்றால், விடை 3.175. இப்படியொரு மாடுல் வழக்கில் இல்லையே என்று 3.25-க்கு வெட்டினால், பல்லுக்குப் பல் சுமார் கால் மில்லிமீட்டர் பிசகி, சக்கரம் சிக்கிக்கொள்ளும். அந்த 101.6 என்பது சரியாக நான்கு அங்குலம். அது பிரிட்டிஷ் முறைச் சக்கரம். விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு எட்டுப் பல் என்பதே அதன் பிரமாணம்.

நுனி தேய்ந்திருந்தால் வெளிவிட்டம் ஏமாற்றும். அப்போது வெர்னியரால் மூன்று பற்களைச் சேர்த்து ஒரு முறையும், நான்கு பற்களைச் சேர்த்து மறுமுறையும் பிடித்து அளந்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். பற்களின் பக்கங்கள் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அத்தேய்வு கழித்தலிலே மறைந்துபோகும். மேற்சொன்ன சக்கரத்தில் மிச்சம் 9.66 மில்லிமீட்டர் வந்தால், பல்லின் பக்கச் சாய்வைக் குறிக்கும் அழுத்தக் கோணம் பதினாலரை டிகிரி, 9.37 வந்தால் இருபது. கோணம் மாறினால், பல்லின் அளவு ஒத்திருந்தும் ஜோடி சேராது.

மலேசியா மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கி அரை நூற்றாண்டாயிற்று. பழைய இரும்போ வார்த்த நாளின் அங்குலத்தை இன்னும் விடவில்லை.