பழைய பவர் டில்லருக்குப் புது இஞ்சினா, பழுது பார்த்தலா?

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் சம்பா அறுவடை முடிந்து, வயல்களில் உளுந்தும் பயறும் நிற்கும் மாசி, பங்குனி மாதங்களே உழவு யந்திரங்களுக்கு ஓய்வுக் காலமாகும். கொட்டகையில் நிற்கும் பழைய பவர் டில்லரை அதன் சொந்தக்காரர் நிதானமாய் உற்றுப் பார்ப்பதும் இக்காலத்தில்தான். சென்ற தாளடி உழவில் அது புகை கக்கியது, சேற்றில் இழுவை குறைந்தது, நாள்தோறும் ஆயில் குடித்தது ஆகிய யாவும் அப்பொழுது நினைவிற்கு வருகின்றன. மெக்கானிக்கு, "இஞ்சினைப் பிரித்து வேலை செய்தால் போதும்" என்கிறார். யந்திர வியாபாரியோ, "பழசில் பணத்தைப் போடாதீர்கள், புது இஞ்சினையே மாட்டிவிடலாம்" என்கிறார். இருவர் சொல்லிலும் அவரவர் ஆதாயம் கலந்திருத்தல் இயல்பே. தீர்மானம் செய்யவேண்டியவர் விவசாயி. அதற்கு வேண்டிய ஆதாரம் அளவுகருவியில் இருக்கிறதேயன்றி எவருடைய வாய்ச்சொல்லிலும் இல்லை.

நம் பக்கத்தில் மிகுதியாக உழைக்கும் இரு சக்கர உழவு யந்திரங்கள் ஜப்பானிய மாதிரியைப் பின்பற்றியவை. பெங்களூர் வி.எஸ்.டி. கம்பெனியார் மித்ஸுபிஷி மாதிரியிலும், கேரள அரசாங்கத்தின் காம்கோ ஸ்தாபனத்தார் 1973 முதல் அத்தாணியில் குபோட்டா மாதிரியிலும் செய்து வந்தவை அவை. 12 அல்லது 13 குதிரைச் சக்தியுள்ள ஒற்றைச் சிலிண்டர் டீஸல் இஞ்சின், நீரால் குளிர்விக்கப்படுவது. (இலங்கையில் நம்மவர் இவ்வகை யந்திரம் எதையும் 'லாண்ட் மாஸ்டர்' என்றே அழைப்பர், அப்பெயர் கொண்டது ஒரு பழைய ஆங்கிலக் கம்பெனி.) இவற்றின் சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் என்னும் குழாய் தனியே கழற்றி மாற்றத்தக்கது. தேய்வதற்கென்றே வைத்த பாகங்கள் தேய்ந்தால் இஞ்சின் முழுவதும் போய்விட்டது என்று எண்ணுதல் தவறு.

பிரிப்பதற்கு முன், இஞ்சின்மேல் வீண்பழி விழுகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். கறும்புகை பெரும்பாலும் காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டதாலும், நாசில் சரியாய்த் தூவாததாலும், மிஞ்சிய பாரத்தாலும் உண்டாவது. கோடை உழவின் புழுதிக்குப் பின் வடிகட்டியின் கிண்ணத்தில் ஆயிலை மாற்றாதவர் அநேகர். சேற்றில் இழுவை குறைவதற்குப் பல சமயங்களில் வழுக்கும் வி-பெல்ட்டே காரணம். ஆனால் நீலப்புகை இடைவிடாது வந்து, ஆயில் அளவு குறைந்துகொண்டே போய், கைப்பிடியால் சுற்றும்போது எதிர்ப்பு இன்றி இலேசாகச் சுழலுமாயின், ரிங்கும் லைனரும் தேய்ந்தன என்று கொள்ளலாம். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது என்பது பொருள். லைனரின் ரப்பர் வளையமோ, ஹெட் காஸ்கெட்டோ கெட்டிருக்கும். சொற்பச் செலவில் தீரக்கூடியது. அதைப் பாராமல் ஒரு வாரம் ஓட்டினாலோ பேரிங்கும் கிராங்கும் சேர்ந்து போகும்.

பிரித்தபின் முதலில் அளக்கவேண்டியது கிராங்கு ஷாப்டு. லேத்துப் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கும்போது சொந்தக்காரர் உடனிருந்து, அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிராங்கை முதலில் 0.25, பிறகு 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் கடைந்து அதற்கேற்ற பேரிங்கு போடுவது வழக்கம். கம்பெனியின் கைப்புத்தகத்தில் கண்ட கடைசிப் படியை அது முன்னமே எட்டியிராமல், இஞ்சின் கூட்டில் விரிசலும் இல்லையாயின், பழுது பார்ப்பதே முறை. லைனர், பிஸ்டன், ரிங்கு, பேரிங்கு, வால்வு, காஸ்கெட்டு ஆகியவற்றை ஒரே சமயத்தில் மாற்றிவிடவேண்டும். ரிங்கை மட்டும் மாற்றிச் சிக்கனம் செய்வது சிக்கனமே அன்று. தேய்ந்த லைனரில் புது ரிங்கு நெடுநாள் நில்லாது.

கிராங்கு எல்லை கடந்திருந்தாலோ, கூடு விரிந்திருந்தாலோ, பழுதுச் செலவின் எழுத்து மதிப்பீடு புது இஞ்சின் விலையில் பாதியைத் தாண்டினாலோ மாற்றுவதை யோசிக்கலாம். அப்போதும் அதே கம்பெனியின் அதே மாதிரி இஞ்சினே உத்தமம். மலிவை எண்ணி வேறு மாதிரி இஞ்சினைப் பூட்டுவோர் அதன் வேகத்தைக் கவனிப்பதில்லை. நிமிஷத்திற்கு 2,400 சுற்று ஓடும் இஞ்சின் இருந்த இடத்தில் 2,000 சுற்று ஓடும் சீன மாதிரி எஸ்.195 இஞ்சினை வைத்து, கப்பியை மாற்றாமல் விட்டால், ரோட்டரி ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். நம் களிமண் சேறு மசியாது. எடை அதிகமானால் யந்திரத்தின் மூக்குச் சேற்றில் புதையும், ஓட்டுகிறவன் தோளும் நோகும். 1988-ம் வருஷத்து வெள்ளத்திற்குப் பின் பங்களாதேசத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து சீன இஞ்சின்கள் ஏராளமாய்ப் பரவின என்பது மெய்யே. ஆனால் அங்கு உழவு, இறைப்பு, படகு எல்லாவற்றிற்கும் அவ்வகை இஞ்சின்களே உழைத்தமையால் உதிரிப் பாகங்களும் சந்தைதோறும் கிடைத்தன. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு காஸ்கெட்டு வாங்கக் கிடைக்குமா என்று விசாரியாமல் இங்கு அதைப் பின்பற்றுதல் கூடாது.

கியர்ப் பெட்டி ஊளையிட்டு, ஆக்ஸில் ஸீல் வழியாகச் சேறு உட்புகுந்துவரும் யந்திரத்திற்குப் புது இஞ்சின் மாட்டுவது இற்ற வண்டிக்கு இளங்காளை பூட்டுவதை ஒக்கும். அத்தகையதை விற்றுவிட்டு, மானியத்தில் புது யந்திரம் பெற வேளாண்மைப் பொறியியல் இலாகாவில் மனுச் செய்வதே மேல்.

எதைச் செய்தாலும் காலத்தே செய்யவேண்டும். மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12-ந் தேதி என்பது மரபாயினும், 2022-ல் மே 24-ந் தேதியே திறக்கப்பட்டது. 2024-ல் ஜூலை 28 வரை தாமதித்தது. தாமதித்தால் யந்திரம் கொட்டகையில் நிற்கும், அவ்வளவே. முந்திவிட்டாலோ, பட்டறையில் பிரித்துக் கிடக்கும் இஞ்சினுக்காகக் குறுவை நாற்று காத்திராது. வாடகை யந்திரமும் அவ்வாரத்தில் அகப்படுவது அரிது. சித்திரை பிறக்குமுன் வேலையைப் பட்டறையில் ஒப்படைத்துவிடல் வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களின் வாடகை யந்திரங்களுக்கு, ஓடிய மணியும் ஆயில் மாற்றிய தேதியும் எழுதும் பதிவேடு வைக்கும்படி கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டும். பிரிக்கும் நாளில் அதுவே பேசும். பாங்கிக் கடனோ இன்ஷூரன்ஸோ இருந்து இஞ்சினை மாற்றுவோர், புது இஞ்சின் நம்பரை அவ்விடங்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்து ரசீது பெறுக.

பழுது பார்த்த இஞ்சினை முதல் நாளே சேற்றில் இறக்கிவிடுவது பலரும் செய்யும் பிழை. சேற்றுழவே அதற்கு உச்சமான பாரம். முதல் 50 மணி நேரம் தண்ணீர் இறைப்பு, பொடி மண்ணில் மேலுழவு போன்ற இலேசான வேலைகளில் ஓட்டி, கைப்புத்தகத்தில் கண்டபடி முதல் ஆயிலை வடித்து மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கி, அதன்பின் கூண்டுச் சக்கரத்தைப் பூட்டலாம்.