பனியாற்றுப் படிவுகள்

பனியாற்றுப் படிவுகள் என்பவை பனியாறுகள் அரித்துச் சுமந்து வந்து, பனி உருகும்போது விட்டுச் செல்லும் கல், மணல், வண்டல், களிமண் ஆகியவற்றின் தொகுதியாகும். பனி நேரடியாக இறக்கிவிடும் படிவு டில் எனவும், அது இறுகிப் பாறையானால் டில்லைட் எனவும் அழைக்கப்படுகிறது. டில் குவிந்து உருவாகும் மேடுகள் மொரைன்கள் ஆகும்.

இயல்புகள்

• வகைபிரியாமை: ஆற்றுநீர் வேகம் குறையும்போது முதலில் பெரிய கற்களையும், பின்னர் மணலையும், கடைசியில் களிமண்ணையும் படியவிடுகிறது. பனிக்கட்டி திண்மமாதலால் அவ்வாறு பிரிப்பதில்லை. எனவே டில்லில் பெரும்பாறைகளும் மாவு போன்ற நுண்துகள்களும் கலந்து கிடக்கும். அடுக்குகள் பெரும்பாலும் இரா.
• கற்களின் வடிவம்: ஆற்றுக் கற்கள் உருண்டு வழவழப்பாகும். பனியில் பதிந்து இழுபட்ட கற்களில் சில பக்கங்கள் தட்டையாகத் தேய்ந்தும், விளிம்புகள் ஓரளவு கூராகவும் இருக்கும்.
• கீறல்கள்: கற்களிலும், பனியாறு நகர்ந்த அடித்தளப் பாறையிலும் ஒருபோக்கான கீறல்கள் காணப்படும்.
• அயற்கற்கள்: உள்ளூர்ப் பாறையோடு தொடர்பற்ற, தொலைவிலிருந்து வந்த கற்களும் இருக்கும்.

உருகுநீர் கொண்டு சேர்க்கும் படிவுகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. அவை நீரால் பிரிக்கப்பட்டு அடுக்கடுக்காக அமையும். மிதக்கும் பனிக்கட்டியிலிருந்து ஏரி அல்லது கடலின் அடியில் விழுந்த தனிக்கற்கள், நுண்ணிய களிமண் அடுக்குகளை அழுத்தி வளைத்திருக்கும்.

இந்தியாவில்

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கோண்டுவானாப் பெருநிலத்தின் பகுதியாக இந்தியா தென்துருவத்தை ஒட்டிய அகலாங்குகளில் இருந்தது. அக்காலப் பனிப் படிவுகள் ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியின் பெயரால் தால்ச்சேர் படிவுகள் எனப்படுகின்றன. அங்குள்ள பெரும்பாறைப் படுகைக்குப் பனியே காரணமாகலாம் என்ற கருத்தை பிளான்போர்டு சகோதரர்களும் தியோபால்டும் 1856-இல் முன்வைத்தனர். பின்னர் மகாராட்டிரத்தின் சந்திரப்பூர் அருகே கீறல் விழுந்த சுண்ணாம்புப் பாறைத் தளம் கண்டறியப்பட்டது. இது அக்கருத்துக்கு வலுவான சான்றாயிற்று.

திருவள்ளூர் பகுதியில்

பாலாற்றுப் படுகையில் சென்னைக்கு அருகேயும் தால்ச்சேர் படிவுகள் பதிவாகியுள்ளன. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் அல்லிக்குழி மலைகளிலும், கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே சத்தியவேடு பகுதியிலும் வெளியே தெரியும் பெருங்கற் படுகைகள் பனியாற்றுப் படிவுகள் அல்ல. அவை கிரீத்தேசியக் காலத்தில் நீரோட்டங்கள் சேர்த்த குவார்ட்சைட் கற்கள் இறுகிய உருள்திரள் பாறைகள். அவற்றின் கற்கள் உருண்டு வழவழப்பாக இருப்பது நீரில் உருண்டு வந்ததைக் காட்டுகிறது. 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் ஆய்வு செய்த அத்திரம்பாக்கத்தில், தொல்மாந்தர் இத்தகைய குவார்ட்சைட் கற்களிலேயே கைக்கோடரிகளைச் செய்தனர்.

இனங்காணுதல்

பெரிய கற்கள் இருப்பது மட்டுமே பனியாற்றுக்குச் சான்றாகாது. நிலச்சரிவும் சேற்றுப் பெருக்கும்கூட வகைபிரியாத படிவுகளை உண்டாக்கும். ஆகவே தட்டைப் பக்கங்கள், கீறல்கள், அயற்கற்கள், கீறிய அடித்தளம் ஆகியவற்றுள் பல சேர்ந்து காணப்படும்போதே ஒரு படிவு பனியாற்றால் உருவானது என உறுதி செய்யப்படுகிறது.