அம்மா பயப்படாத ஒரு ட்ரம் சத்தம்: சிறிய மொடியூலர் பெட்டி ஒன்றைத் திட்டமிடல்

கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் தன் பயணப்பையில் ஒரு சின்ன அலுமினியப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். மூடியைத் திறந்தால் திருகுகள், துளைகள், மின்னும் சிறு விளக்குகள், துளைக்குத் துளை கொழுவிய நிறநிறமான வயர்கள். "இது மொடியூலர் சின்தசைசர். இதிலதான் நான் பீற் செய்யிறனான்" என்றான். எங்கள் வீட்டுப் பழைய ஸ்பீக்கரில் அதைக் கொழுவி ஒரு திருகைத் திருப்பினான். ஆழமான, இழுபட்ட "டூம்" ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

குசினிக்குள் பானை மூடி விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார்.

"என்ன பிள்ளை அது?"

"ஒண்டுமில்லையம்மா. பாட்டுப் பெட்டி."

"நிப்பாட்டச் சொல்லு."

மச்சான் கைக்குழந்தையாக நாட்டை விட்டுப் போனவன். அம்மா ஏன் அப்படி இருந்தார் என்று அவனுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. தூரத்தில் ஷெல் குத்திற சத்தம் கேட்டால் அடுத்து என்ன செய்வோம் என்பது வன்னியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எண்ணத் தொடங்குவோம்.

மச்சான் போய்விட்டான். பெட்டியின் நினைப்பு மட்டும் என்னை விடவில்லை. நான் சுதந்திர ஊடகவியலாளர். எழுதுவதோடு குறுங்காணொளிகளும் செய்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் இருந்தே பின்னணி இசை எனக்குத் தலையிடிதான். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை காணி பற்றியோ கடற்றொழில் பற்றியோ எடுத்த படத்துக்குப் பொருந்துவதில்லை. அதனால் என் பீற்றை நானே செய்ய விரும்பினேன். அதை அம்மா இருக்கிற வீட்டில் செய்யவேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சிறிய பெட்டியை எப்படித் திட்டமிட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டைனமோ சொல்லித்தந்த பாடம்

மொடியூலர் என்றால் என்ன? எங்களில் பலர் அதன் அடிப்படையைச் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறோம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்போம். கசற் ஓடும்போது சுற்றுபவருக்குக் கை உளைந்தால் பாட்டும் இழுபடும். பாடகியின் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாக இறங்கும். "சுத்தடா!" என்று யாராவது கத்துவார்கள். குரல் மறுபடி ஏறும்.

மின்னழுத்தம் குறைந்தால் சுருதி இறங்குகிறது, கூடினால் ஏறுகிறது. டைனமோவில் இது ஒரு கோளாறு. 1960களில் அமெரிக்காவில் றொபேர்ட் மூக், டொன் புக்லா என்ற இருவரும் தனித்தனியாக இதையே இசைக்கருவியின் அடிப்படையாக்கினார்கள். மூக்கின் முறையில் மின்னழுத்தம் ஒரு வோல்ற் கூடினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஒரு வோல்ற்றைப் பன்னிரண்டாகப் பிரித்தால் கீபோர்ட்டின் பன்னிரண்டு கட்டைகள். சத்தம் கூடிக்குறைவதையும், அதன் கூர்மை மழுங்குவதையும்கூட இப்படி மின்னழுத்தத்தால் இயக்கலாம்.

மொடியூலர் சின்தசைசரில் ஒவ்வொரு மொடியூலுக்கும் ஒரு வேலை. ஓசிலேற்றர் சத்தத்தை உண்டாக்கும். ஃபில்ற்றர் அதில் ஒரு பகுதியை வெட்டும். விசிஏ சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும். என்வலப் ஒரு சத்தம் எவ்வளவு வேகமாக எழுந்து எவ்வளவு நேரத்தில் அடங்கவேண்டும் என்று கட்டளையிடும். குளொக் தாளத்தைப் பிடிக்கும். எது எதை இயக்குவது என்பதை வயரைக் கொழுவி நாங்களே தீர்மானிக்கிறோம்.

இன்று அதிகம் புழங்கும் அளவுமுறை யூரோறாக். ஜேர்மனியின் டீற்றர் டோப்ஃபர் 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிவைத்தது. உயரமும் மின்சாரமும் பொதுவானவை என்பதால் ஒரு நிறுவனத்தின் மொடியூலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிறுவனத்தின் மொடியூலைப் பூட்டலாம்.

இடமும் மின்சாரமும்

மொடியூலின் அகலத்தை எச்பி என்ற அலகில் சொல்வார்கள். ஒரு எச்பி 5.08 மில்லிமீற்றர். நான் எடுத்துக்கொண்ட எல்லை 84 எச்பி, ஒரே வரிசை. கிட்டத்தட்ட 43 சென்ரிமீற்றர். பள்ளிக்கூட மேசையில் வைத்தாலும் கொப்பிக்கு இடம் இருக்கும். அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. தட்டையான பெட்டியில் ஆழமான மொடியூல் இறங்காது. வாங்குமுன் இரண்டின் ஆழத்தையும் ஒப்பிடவேண்டும்.

அடுத்தது மின்சாரம். யூரோறாக் மொடியூல்களுக்கு +12 வோல்ற், -12 வோல்ற் இரண்டும் வேண்டும். சிலவற்றுக்கு +5 வோல்ற்றும் தேவை. ஒவ்வொரு மொடியூலும் எத்தனை மில்லிஅம்பியர் இழுக்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். +12 பக்கத்தையும் -12 பக்கத்தையும் தனித்தனியாகக் கூட்டவேண்டும். என் பட்டியலில் +12இல் 520, -12இல் 240 மில்லிஅம்பியர் வந்தது. மின்வழங்கி இதைவிடக் குறைந்தது நான்கில் ஒரு பங்காவது கூடுதலாகத் தாங்கவேண்டும்.

வாற்றில் பார்த்தால் இது ஏறத்தாழ 9 வாற். ஒரு எல்ஈடி பல்ப் அளவுதான். 2022இன் நீண்ட மின்வெட்டுகளுக்குப் பிறகு இந்தக் கணக்கைப் போடாமல் எந்தக் கருவியையும் வாங்க எனக்கு மனம் வருவதில்லை. யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ற், 7 அம்பியர்-மணிப் பற்றறி கணக்குப்படி 84 வாற்-மணி தரும். இடையில் வீணாவதையும், பற்றறியை அடிவரை வற்றவிடக்கூடாது என்பதையும் கழித்தாலும் நான்கு மணித்தியாலமாவது ஓடும். ஆனால் எல்லாப் பெட்டிகளும் 12 வோல்ற் நேர்மின்னோட்டத்தை ஏற்காது. சில 15 வோல்ற் கேட்கும். பற்றறியின் வோல்ற்றும் நிரம்பியபோது ஒன்றாகவும் வற்றும்போது இன்னொன்றாகவும் இருக்கும். பெட்டி எந்த வீச்சை ஏற்கும் என்று பார்த்தே தெரிவுசெய்யவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மொடியூலின் பின்னால் பூட்டும் தட்டை வயரில் ஒரு ஓரம் சிவப்பாக இருக்கும். அந்தப் பக்கம் -12. மாறிப் பூட்டினால் மொடியூல் எரிந்துபோகலாம். வெற்றிடங்களையும் தகடு போட்டு மூடிவிடுங்கள். உள்ளே இருப்பது மின்சாரப் பலகை, எங்கள் வீடுகளில் இருப்பது பல்லியும் எறும்பும்.

கிக் ட்ரம் ஏன் ஷெல் போலக் கேட்டது

இனி அம்மாவின் பிரச்சினை. மின்னணுக் கிக் ட்ரம் செய்வது எளிது. ஒரு மெல்லிய சைன் அலை. அதன் சுருதி உயரத்தில் தொடங்கி, கண் இமைக்கும் நேரத்துக்குள் கீழே விழும். பிறகு சத்தம் அடங்கும். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற ட்ரம் பெட்டியின் கிக் 50 ஹேர்ட்ஸை ஒட்டிய ஆழத்தில் நீண்டு ஒலிக்கக்கூடியது. ஹிப்-ஹொப் இசைக்காரர்கள் அந்த நீண்ட வாலைத்தான் விரும்பினார்கள். மச்சானின் பெட்டியும் அதையே செய்தது.

நான் கவனித்த முதல் விடயம் சுவர். ஆழ்ந்த சத்தம் சுவரைத் தாண்டிப் போகும், கூர்மையான சத்தம் பெரும்பாலும் இந்தப் பக்கமே நின்றுவிடும். அறைக்குள் இருந்த எங்களுக்குக் கிக்கும் ஹை-ஹற்றும் சேர்ந்து ஒரு தாளமாகக் கேட்டன. குசினியில் இருந்த அம்மாவுக்குத் தாளம் போய்ச் சேரவில்லை. குத்திற சத்தம் மட்டும் சேர்ந்தது.

இரண்டாவது வால். அடித்து ஓய்ந்த பிறகும் உருண்டுகொண்டிருக்கும் ஆழமான சத்தம் தூரத்தையும் பெரிய வெளியையும் நினைவூட்டுகிறது. உரலில் உலக்கை விழும் சத்தமும் ஆழமானதுதான். அம்மா அதற்குப் பயந்ததில்லை. அது குறுகியது, மரத்தின் சத்தம், அடுத்தது எப்போது விழும் என்று தெரியும்.

ஆகவே உலக்கையை இலக்காக வைத்தேன். கிக் இறங்கி நிற்கும் சுருதியை 50இல் இருந்து 90 ஹேர்ட்ஸுக்கு உயர்த்தினேன். அடங்கும் நேரத்தை ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்களவுக்குக் குறுக்கினேன். தொடக்கத்தில் மட்டும் ஒரு சொட்டு இரைச்சலைச் சேர்த்தேன். மரம் தட்டுப்படும் உணர்வு அதில்தான் வருகிறது. கடைசியாக, ஒவ்வொரு பீற்றையும் ஹை-ஹற்றோடு தொடங்கி, தாளம் நிலைத்த பிறகே கிக்கைப் பூச்சியத்தில் இருந்து மெல்ல உயர்த்துவது என்று ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் என் பட்டியலையே மாற்றிவிட்டது. முதலில் இரண்டாவது ஓசிலேற்றர் ஒன்றுக்கு 10 எச்பி ஒதுக்கியிருந்தேன். அதை வெட்டிவிட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்திருகு உள்ள மிக்சரை வைத்தேன்.

84 எச்பிக்குள் என்ன வைத்தேன்

குளொக்கும் தாள வடிவங்களும் தரும் மொடியூல் 8 எச்பி. கிக்குக்கென்றே ஒரு மொடியூல் 10. இரைச்சலில் இருந்து ஹை-ஹற், ஸ்நேர் செய்ய 8. பல குரல் காட்டும் ஓசிலேற்றர் 12. ஃபில்ற்றர் 8. இரட்டை என்வலப் 8. நான்கு விசிஏ உள்ள மொடியூல் 12. மிக்சர் 10. ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் வெளியீடு 4. மொத்தம் 80. மிச்சம் 4 எச்பிக்குத் தகடு.

பல குரல் ஓசிலேற்றர் என்று நான் நினைத்தது பிளெய்ற்ஸ் என்ற மொடியூலை. பிரான்ஸைச் சேர்ந்த எமிலி ஜிலேயின் மியூற்றபிள் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனம் செய்தது. நிறுவனம் இப்போது இல்லை. ஆனால் அவர் தன் வடிவமைப்புகளை எல்லோருக்கும் திறந்துவிட்டதால் மற்றவர்கள் அதைச் செய்து விற்கிறார்கள். கிக், ஸ்நேர், ஹை-ஹற் உட்படப் பல வகைச் சத்தங்கள் அதில் உண்டு. தனக்குள்ளேயே ஒரு என்வலப்பும் இருப்பதால் குளொக், பிளெய்ற்ஸ், வெளியீடு ஆகிய மூன்றும், 24 எச்பியில், ஒரு பீற்றைத் தொடங்கப் போதும். காசைப் பகுதி பகுதியாகச் சேர்ப்பவர்களுக்கு இதுவே முதல் படி.

முதல் ரூபாவைச் செலவழிக்கு முன்

இதில் எதையும் நான் இன்னும் வாங்கவில்லை. விலையோடு தபால் செலவும் சுங்கவரியும் சேர்ந்தால் ஒரு மொடியூல்கூட எங்களுக்குப் பெரிய காசு. மூன்று மாதமாக விசிவி றாக் என்ற மென்பொருளில் வேலை செய்கிறேன். அன்ட்ரூ பெல்ற் என்பவர் 2017இல் வெளியிட்டது. இலவசம். ஒருமுறை தரவிறக்கினால் இணையம் இல்லாமலும் ஓடும். திரையில் மொடியூல்களை அதே எச்பி அளவில் அடுக்கி, சுட்டியால் வயர் கொழுவலாம். பிளெய்ற்ஸின் பிரதியும், பதிவுசெய்யும் மொடியூலும் அதற்குள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அங்கே இடத்துக்கும் மின்சாரத்துக்கும் எல்லை இல்லை என்பதுதான் பொறி. ஆயிரக்கணக்கான மொடியூல்கள் இழுக்கும். அதனால் எனக்கு நானே விதி போட்டேன்: ஒரே வரிசை, 84 எச்பி, ஒரு மாதத்துக்குப் பட்டியலை மாற்றக்கூடாது. அந்த மாத முடிவில் எந்தத் திருகை ஒருநாளும் தொடவில்லையோ அந்த மொடியூல் தேவையில்லை. எனக்கு அப்படி வெளியேறியவை மூன்று.

பீற் செய்ய மொடியூலர்தான் வேண்டுமா என்று கேட்டால், இல்லை. அதே காசுக்கு எல்லாம் உள்ளடங்கிய ஒற்றைப் பெட்டியும் வாங்கலாம். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்ஐஏ என்று உலகம் அறிந்தவர், தன் ஆரம்பப் பாடல்களின் மாதிரிகளை ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில்தான் செய்தார். 2005இல் வந்த அவரது முதல் இசைத்தொகுப்பு அங்கிருந்து வளர்ந்தது. எனக்கு மொடியூலர் பிடித்ததற்குக் காரணம், ஒரு சத்தத்தின் வால் எங்கே முடியவேண்டும் என்பதைக் கையால் தொட்டுத் தீர்மானிக்கலாம் என்பதே. எங்கள் வீட்டில் அது முக்கியம்.

போன கிழமை, பகலில், கதவைத் திறந்து வைத்து, லப்டொப்பை அதே பழைய ஸ்பீக்கரில் கொழுவினேன். அம்மாவிடம் முதலே சொல்லிவிட்டேன். நிமிடத்துக்கு 90 அடி. ஹை-ஹற் எட்டுச் சுற்று ஓடிய பிறகு கிக்கை மெல்ல உயர்த்தினேன். அம்மா வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"உரல் மாதிரி இருக்கா அம்மா?"

"உரல் இல்லை இது" என்றார். "ஆனா பரவாயில்லை. இரவில மட்டும் போடாத."

ஹெட்போன் வெளியீட்டுக்கு ஒதுக்கிய 4 எச்பியில் இனி மாற்றமில்லை.