ஏழாவது கேள்வி: பதற்றத்தை அளவிடுதலும் நத்தம் காலனியும்

பதற்றத்தை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் 'ஜிஏடி-7' வினாப்பட்டியல் 2006இல் வெளியானது. படபடப்பு, அடங்காத கவலை, எரிச்சல் முதலியவை கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு அடிக்கடி தொல்லை தந்தன என்று அது கேட்கிறது. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால் மருத்துவரை அணுகவேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல்.

கொடியது ஏதோ நிகழப்போவதைப்போல் அஞ்சினீர்களா என்பது ஏழாவது கேள்வி. தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனியில் இதை எவ்வாறு கேட்பது? சாதி கடந்த ஒரு திருமணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, பல தீக்கிரையாயின. அத்திருமணத்தின் மணமகன் இளவரசன் 2013 ஜூலை 4இல் ரயில் தண்டவாளத்தருகே சடலமாகக் கிடந்தார். அன்று சிறுவராயிருந்தோர் இன்று கல்லூரி வயதினர். கூட்டமாக வரும் வண்டிகளின் ஓசைக்கு அவர்கள் திடுக்கிட்டால், அந்த அச்சத்துக்குத் தேதியும் ஊரும் உண்டு. மதிப்பெண் அதைச் சொல்வதில்லை.

உணர்ச்சியைக் கையாளும் வழிகளுக்கும் இது பொருந்தும். உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் இரண்டை வேறுபடுத்துகிறார்: நிகழ்வை வேறு பொருளில் காண்பது, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்குவது. அடக்குவதால் உள்ளத்தின் துயரம் குறைவதில்லை என்பது அவரது ஆய்வுகளின் முடிவு. ஆனால், "ஊரா, காலனியா?" என்று விடுதியில் கேட்கப்படும் மாணவர் முகத்தை இறுக்கிக்கொள்வது பாதுகாப்புக்காக. அவரிடம் "வேறு கோணத்தில் பார்" என்பது, பல நேரங்களில், "பொறுத்துப் போ" என்பதன் நாகரிக வடிவமே.

அதற்காக இவ்வளவைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்கு அருகே எங்கே, யார் முன்னிலையில் அப்பதற்றம் எழுந்தது என்றும் எழுதுமாறு மாணவர்களை வேண்டுகிறோம். எல்லாம் ஒரே வகுப்பறையையோ ஒரே ஆசிரியரையோ சுட்டினால், அக்குறிப்பு கல்லூரியின் எஸ்சி, எஸ்டி பிரிவில் அளிக்கும் புகாருக்கு அடிப்படையாகும். பாதுகாப்பான இடத்திலும் உறக்கம் வராவிட்டால் சிகிச்சை தேவை; ஆபத்து உண்மையானது என்பதால் உடல் படும் பாடு குறைந்துவிடாது. இரண்டும் ஒருசேரத் தேவைப்படலாம். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.