பைஜாமா கருகிய 234 பேர்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் 2026 சேர்க்கைக்குப் பெரும்பாலான படிப்புகளின் கெடு 2026 ஜனவரி 14. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கத்திலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன: பர்சனல் ஸ்டேட்மென்டில் என்னத்தை எழுதுவது? மாணவர் தன் உண்மையான முகத்தைக் காட்டும் இடம் அது என்று அழகாகச் சொல்வார்கள். நடைமுறையில் அது, இடைவெளியையும் சேர்த்து எண்ணி 4,000 கேரக்டர் மட்டும் கொள்ளும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் எப்படிப்பட்ட உண்மை வந்து விழுந்தது என்பதை, விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸ் அமைப்பே 2007-இல் கண்டுபிடித்தது. கட்டுரைகளை மென்பொருளில் போட்டு ஒப்பிட்டபோது, எட்டு வயதில் பைஜாமாவில் ஓட்டை விழும்படி பொசுக்கிக்கொண்ட கதை 234 பேரிடம் இருந்தது. அவர்களைப் புளுகர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ‘நீ யார்?’ என்று மொட்டையாகக் கேட்டால் பிள்ளைகள் மாதிரி விடையைத் தேடத்தான் செய்வார்கள். ‘நான் முதலமைச்சரானால்’ கட்டுரையையே உரைநூலைப் பார்த்து மனப்பாடம் செய்த நமக்கு இது புரியாததல்ல.

2026 சேர்க்கையிலிருந்து பெட்டி மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் படிப்பு ஏன்; பள்ளிப் படிப்பு உன்னை இதற்கு எப்படித் தயார்செய்தது; பள்ளிக்கு வெளியே வேறென்ன செய்தாய், அது எப்படி உதவும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 கேரக்டர். கெட்டிக்காரத்தனம் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. அது மனசைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லி, படிப்போடு முடிச்சுப் போடச் சொல்கிறது. பழைய இரும்பு லாரியில் வந்து இறங்கி, உலையில் உருகி, முறுக்குக் கம்பியாக வெளியேறுவதைப் பார்த்து வளர்ந்த சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதி மாணவர் உலோகவியலுக்கு விண்ணப்பித்தால், ஒரே தரத்துக் கம்பி வர பல தினுசு இரும்பை எப்படிக் கலக்கிறார்கள் என்று விசாரித்து அறிந்ததை எழுதலாம். அம்மா காலை ஷிப்டுக்குப் போனபின் தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்பிய மாணவி, அந்தப் பொறுப்பைச் செவிலியர் படிப்போடு சேர்த்துச் சொல்லலாம்.

மூன்று விடைகளையும் ஏஜென்ட் எழுதித் தரமாட்டாரா? தருவார். ஆனால் முதல் விடையைப் போல மூன்றாவதை அச்சில் வார்க்க முடியாது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களிடம்தான் கேட்டாக வேண்டும். அதற்காக, வழிகாட்ட ஆளில்லாதவர்களுக்கு இது உதவும் என்ற யூகாஸின் பேச்சை முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. அப்பாவின் செல்வாக்கில் கிடைத்த இன்டர்ன்ஷிப்பும் இதே மூன்றாவது பெட்டியில்தான் வந்து உட்காரும். கஷ்டத்தைக் கொட்டினால் இடம் கிடைக்குமா என்பது இன்னொரு சந்தேகம். அமெரிக்காவில் அந்தச் சபலம் அதிகம்: இன அடிப்படைச் சேர்க்கையை 2023 ஜூனில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இனம் தன் வாழ்வைப் பாதித்த விதத்தை மாணவர் கட்டுரையில் எழுதலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. அங்கே துயரத்துக்கும் மாதிரி விடைகள் தயாராகும். யூகாஸின் கேள்விக்கோ வெறும் வறுமை பாதி விடைதான். ‘எப்படி உதவும்’ என்ற மறுபாதி காலியாகவே கிடக்கும்.

கடைசியாக, சில சின்னக் கேள்விகள். ஏஐ எழுதித் தரலாமா? யோசனை கேட்கலாம், அது எழுதியதைச் சொந்த எழுத்தாக அனுப்புவது மோசடியாகக் கருதப்படலாம்.

கல்லூரிக்கு ஒரு ஸ்டேட்மென்டா? இல்லை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து இடங்களுக்கும் ஒரே ஸ்டேட்மென்ட்தான்.

கெடு நாளில் எத்தனை மணி வரை? பிரிட்டன் நேரம் மாலை 6. நம் கடிகாரத்தில் இரவு 11.30.