பாட்டரிக்கு ஒரு ரெயின்கோட்!

மழை வந்தால் எல்லோரும் தலையைக் காப்பாற்றிக் கொள்வார்கள். நான் பாட்டரியைக் காப்பாற்றுவேன். காரணம் இருக்கிறது.

சின்ன வயசில் போலியோ வந்து என் ஒரு கால் சூம்பிப் போனது. தினமும் ஆபீசுக்கு மூணு சக்கர ஸ்கூட்டரில்தான் போய் வருகிறேன். (எண்ணிப் பார்த்தால் நாலு சக்கரம் இருக்கும். பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டுச் சக்கரம். ஊரே மூணு என்கிறது. ஊரோடு ஒத்துப் போகிறேன்!) 1988 மோட்டார் வாகனச் சட்டம் என் ஜாதி வண்டிக்கு வைத்த பெயர் 'இன்வேலிட் கேரேஜ்'. "செல்லாத வண்டின்னு சட்டமே சொல்லுதுடா" என்று மொழிபெயர்த்துச் சிரித்தான் ஒரு நண்பன். 2019 திருத்தத்தில் 'அடாப்டட் வெஹிகிள்' என்று பெயரை மாற்றினார்கள். பிழைத்தேன்.

கிக் அடிக்க ஒரு காலில் நிற்க வேண்டும், இன்னொரு காலால் உதைக்க வேண்டும். என்னிடம் இருப்பதே ஒன்று. ஆகவே செல்ஃப் ஸ்டார்ட் உங்களுக்கு வசதி. எனக்கு அதுதான் கால்.

அந்தக் காலுக்கு உயிர் கொடுக்கிற பாட்டரியை என் வண்டியில் எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கால் வைக்கும் பலகைக்கு அடியில். மழைத் தண்ணீர், சேறு, என் செருப்பிலிருந்து வடிவது எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

போன ஐப்பசியில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. பாட்டரியைத் தடிமனான பாலிதீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, மறுபடி உள்ளே வைத்தேன்.

"என்னங்க இது, சாம்பார் பார்சல் மாதிரி?" என்றாள் மனைவி.

"ரெயின்கோட்!" என்றேன் பெருமையாக.

இரண்டு வாரம் கழித்து, ராத்திரி எட்டு மணி. வேளச்சேரியில் கொட்டுகிற மழை. சிக்னலில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்தேன். பச்சை விழுந்தது. பட்டனை அழுத்தினேன்.

'டிக்.'

அவ்வளவுதான். மறுபடி அழுத்தினேன். 'டிக்.' ஹாரன் மட்டும் ஜோராக அடித்தது. இண்டிகேட்டர் கண் சிமிட்டியது. பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஊரே நின்றது.

"கிக் அடி சார்!" என்று ஒரு குரல். "ஓரங்கட்டுய்யா!" என்று இன்னொன்று.

பை மாட்டிய ஒரு பையன் தண்ணீரில் சளக் சளக்கென்று ஓடி வந்தான். என் காலைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் குனிந்து மூன்று உதை விட்டான். வண்டி கிளம்பியது. "போலாம் சார்" என்று போய்விட்டான்.

நல்ல பிள்ளை. ஆனால் வீடு போய்ச் சேரும்வரை எனக்குத் தொண்டையை அடைத்தது. யாரையும் 'கொஞ்சம் உதைச்சு விடுங்க' என்று கேட்காமல் இருக்கத்தானே இந்த வண்டியே வாங்கினேன்?

மறுநாள் மெக்கானிக் தம்பி பலகையைத் திறந்தார். டெர்மினல் இரண்டிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கவருக்குள் தண்ணீர் குளம் கட்டி நின்றது.

"யார் சார் இந்த கவரைக் கட்டினது?"

"...நான்தான்."

"வந்த தண்ணி அது பாட்டுக்குக் கீழே போயிருக்கும். நீங்க உள்ளே விட்டுக் கதவைச் சாத்திட்டீங்க!"

விஷயம் இதுதான். நாலு சொட்டு மழை பட்டதும் 12 வோல்ட் பாட்டரி செத்துவிடாது. மழைத் தண்ணீர் வழியாகக் கசியும் மின்சாரம் கொஞ்சம்தான். ஈரம் தங்கினால்தான் வினை. ஈரமும் ஆசிட் கசிவும் சேர்ந்து டெர்மினலை அரிக்கும், நடுவே பொடி படியும், கனெக்ஷன் பலவீனமாகும். வெறும் 0.1 ஓம் தடை என்று வையுங்கள். ஹாரன் 3 ஆம்பியர் இழுத்தால் நஷ்டம் 0.3 வோல்ட். அது பாட்டுக்கு அலறும். ஸ்டார்ட்டர் மோட்டார் 40 ஆம்பியர் கேட்டால்? 4 வோல்ட் வழியிலேயே காலி! பன்னிரண்டில் எட்டுதான் போய்ச் சேரும். அதுதான் அந்த 'டிக்'.

பாட்டரி உட்காரும் தட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருந்தது. என் வண்டியில் அதைச் சேறு அடைத்திருந்தது. மற்ற ஸ்கூட்டர்கள் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றாவது கொஞ்சம் வடித்துவிடும். என்னுடையது எப்போதும் அட்டென்ஷன்!

தம்பி சொல்லிக் கொடுத்ததை இப்போது நானே செய்கிறேன். முதலில் சாவியை எடுத்துவிட்டு நெகடிவ் வயரைக் கழற்ற வேண்டும். பாசிடிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் டெர்மினலைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆசிட் ஊற்றும் மூடி உள்ள பழைய வகை என்றால், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது; காற்றுக் குழாயும் மடங்கக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு பாசிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். நட்டை இறுக்கி, மேலே லேசாக வாசலின். முடிந்ததும் கையைக் கழுவி விடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் விடும்போது பாட்டரி, ஃப்யூஸ் பக்கம் பிரஷர் பைப்பைக் காட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மழை மேலிருந்து விழும். அந்தப் பைப் இடுக்கெல்லாம் புகும். வண்டி வெள்ளத்தில் முழுகியிருந்தால் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். நெகடிவைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ரெயின்கோட் குப்பைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ஓட்டையை ஒரு ஈர்க்குச்சியால் குத்தி விடுகிறேன். செலவு பூஜ்யம்.

கார்த்திகையில் அதே சிக்னல், அதே மழை. பக்கத்தில் ஒரு இளைஞன் பைக்கோடு போராடிக் கொண்டிருந்தான். கிக்கரே இல்லாத பைக்.

"ஹாரன் அடிக்குதா தம்பி?"

"அடிக்குது சார். செல்ஃப் மட்டும் டிக் டிக்குங்குது."

என் ஸ்பேனரை நீட்டினேன். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், சீட்டைத் தூக்கி, லூசாக இருந்த டெர்மினலை முறுக்கினான். வண்டி உறுமியது.

"தேங்க்ஸ் சார்! நீங்க போங்க, உங்களுக்கு ஏதாவது தள்ளி விடணுமா?"

"வேண்டாம்ப்பா" என்று பட்டனை அழுத்தினேன்.

ஒரே அழுத்து!