குரங்கு கடித்த காளான்

லூமுட்டில் பங்கோர் தீவுக்குப் படகேறும் துறையையும், அங்குள்ள அலையாத்திக் காட்டையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். மலாய் மொழியில் லூமுட் என்றால் பாசி. பாசி வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். அதே ஈரத்தில் முளைக்கும் காளானுக்கோ பச்சையம் கிடையாது. பிறர் ஆக்கியதை உண்டுதான் அது வாழ்கிறது. பிறவி வழியில் காளான் மரத்தைவிடக் குரங்குக்கே நெருங்கிய உறவு என்கிறார்கள் அறிஞர்கள். முதலில் கேட்டபோது நாமும் சிரித்தோம்!

மழைக்குப் பின் நாம் தேடி எடுக்கும் புற்றுக் காளானை வளர்ப்பது கறையான். மென்ற இலையையும் மரத்தையும் கொண்டு புற்றுக்குள் அது பாத்தி கட்டுகிறது. கறையானால் செரிக்க முடியாத மரச்சத்தைக் காளான் இழைகள் இளக்கித் தருகின்றன. மேலே எழும் குடை, வித்துத் தூளைப் பரப்பத்தான். எண்ணற்ற தூள் பறந்தாலும் பிழைப்பது மிகச் சில. சதுப்பில் நண்டு பிடிக்கும் நீண்டவால் குரங்கோ ஏறத்தாழ ஐந்தரை மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும். பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். வளர்ந்த ஆண்தான் வேறு கூட்டம் தேடிப் போகும். நம் கல்யாண வழக்கத்துக்கு நேர்மாறு.

"குரங்கு கடித்த காளானை நாமும் தின்னலாம்" என்று சிலர் சொல்வதுண்டு. இதை நம்பவே கூடாது. குரங்கு கடித்ததை விழுங்காமல் கன்னப் பையில் அடக்கி வைக்கும். பிறகு துப்பியும் விடலாம். அதற்கு வயிறு கெட்டாலும் காட்டுக்குள் நடப்பது நமக்குத் தெரியாது. அதன் உடலுக்கு ஒத்தது நமக்கு ஒத்துக்கொள்ளும் என்பதும் இல்லை.

புல்வெளியில் முளைக்கும் ஒரு நச்சுக் காளான், பார்வைக்குப் புற்றுக் காளான் போலவே இருக்கும். முற்றியபின் அதன் குடையின் அடிமடிப்பு பச்சை நிறமாகும்; இளசாக இருக்கும்போது வெள்ளைதான், அதனால்தான் ஏமாந்து போகிறோம். தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் காணும். அப்படி நேர்ந்தால் மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகளென்றால் சிறிதும் தாமதம் கூடாது.

குரங்கின் இரத்தத்தில் வாழும் ஒருவகை மலேரியாக் கிருமியும் கொசு வழியாக மனிதருக்கு வருகிறது. 1965இல் பகாங் காட்டில் தங்கிய ஒருவரிடம் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இக்கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நோய் விரைவில் முற்றும். காட்டோரம் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் கண்டால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.